அழுத்தம் எங்கே விழுகிறது?

நீண்ட ஆங்கிலச் சொல்லைக் கண்டு அஞ்சாத கிராமத்து மாணவனை நாம் இதுவரை சந்தித்ததில்லை. எழுதச் சொன்னால் எழுத்துப் பிசகாமல் எழுதிவிடுவான். பொருள் கேட்டால் சொல்லிவிடுவான். வாய்விட்டுச் சொல் என்றால் மட்டும் தலை குனிந்துகொள்வான். பொறுப்பு என்று பொருள்படும் 'ரெஸ்பொன்ஸிபிலிட்டி' என்ற சொல்லில் ஆங்கில எழுத்துக்கள் பதினான்கு. அந்தப் பதினான்கில் எந்த இடத்தில் குரல் ஏற வேண்டும், எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்று அவனுக்கு எவரும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவன் அதைப் பிழையாகச் சொல்லும்போது சிரிப்பதற்கோ ஆட்களுக்குக் குறைவில்லை.

அந்தச் சிரிப்பைப் பற்றியே இங்கு எழுத முற்பட்டோம். அதற்குக் கொஞ்சம் இலக்கணமும் தேவைப்படுகிறது. இலக்கணம் என்றதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாமென்று ஆசிரிய நண்பர்களையும் மாணவ நண்பர்களையும் கேட்டுக்கொள்கிறோம். இந்த இலக்கணத்தில் சிலரது சோறும் அடங்கியிருக்கிறது.

மாத்தளை மாவட்டத்தில், கலேவெலைப் பக்கத்தில், வஹகோட்டை என்றொரு கிராமம் உண்டு. சுற்றிலும் பௌத்தக் கிராமங்கள். நடுவே இது கத்தோலிக்கக் கிராமம். 17ம் நூற்றாண்டில் கண்டியரசர் கையிற் சிறைப்பட்ட, அல்லது ஒல்லாந்தருக்கு அஞ்சிக் கண்டியரசரிடம் அடைக்கலம் புகுந்த போர்த்துக்கேயரின் வழிவந்தோர் இவ்வூரார். 1658ல் யாழ்ப்பாணக் கோட்டையும் ஒல்லாந்தர் கைக்குப் போனதோடு இத்தீவிற் போர்த்துக்கேயர் ஆட்சி முடிந்தது. ஆட்சி முடிந்தாலும் ஆட்கள் இருந்தார்கள். இந்நாட்டுப் பெண்களை மணந்தார்கள், வயலில் இறங்கினார்கள், சில தலைமுறைகளில் மொழியையும் மாற்றிக்கொண்டார்கள். இன்று இவ்வூரார் பேசுவது சிங்களம். மாறாது நின்றது சமயம் ஒன்றுதான். ஒல்லாந்தரின் தடையை மீறி, கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் 1687ல் யாழ்ப்பாணக் கரையேறி, 1692ல் கண்டிக்குப் போய் ஒற்றன் என்று சிறையிலடைக்கப்பட்ட யோசப் வாஸ் அடிகள் போன்றவர்கள் வரும்வரை, கண்டி இராச்சியத்துக் கத்தோலிக்கர் குருமாரின்றியே நெடுங்காலம் கழித்தனர். வஹகோட்டையின் புனித அந்தோனியார் கோயிற் திருவிழாவுக்குச் சிங்களவரும் போவர். மாத்தளைத் தமிழரும் போவர். சைவர்களான நம் வீட்டாரும் நேர்த்தி வைத்துப் போனதுண்டு.

அவ்வூர் ஆசிரிய நண்பர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை மாலைகளில் நாம் ஆங்கில வகுப்பொன்று நடத்தி வருகிறோம். கட்டணம் கிடையாது, நண்பர் வீட்டுத் தேநீர் நமக்குச் சம்பளம். பதினைந்து, பதினாறு பிள்ளைகள். பெரும்பாலோர் ஊர்ப் பிள்ளைகள். பஸ் ஏறி வரும் தமிழ்ப் பிள்ளைகளும் நான்கைந்து பேர் உண்டு. அவர்களுள் மூத்தவளாயிருந்த பெண்ணொருத்தி, உயர்தரப் பரீட்சையில் நன்றாகச் சித்தியெய்தி, கணக்கியலும் படித்து, கொழும்பில் ஒரு தனியார் கந்தோருக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனாள். மூன்று பேர் அமர்ந்திருந்தார்களாம். ஊரைக் கேட்டார்கள், சொன்னாள். அப்படியோர் ஊரா என்று ஒருவர் வியந்தார். அது பழைய கத்தோலிக்க ஊர், தானும் கத்தோலிக்கப் பெண் என்று ஆங்கிலத்தில் விளக்கினாள். அவள் வாயில் அச்சொல் 'க-தோ-லிக்' என்று வந்தது. நடுவிலிருந்தவர் அவளைப் போலவே 'தோ' என்பதை நீட்டிச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவரை நோக்கிப் புன்னகைத்தாராம். அதற்குப் பிறகு கணக்கியலில் ஒரு கேள்வியும் இல்லை. வேலையும் இல்லை.

"எங்கே பிழை, சேர்? பிறந்த நாளிலிருந்து நாங்கள் சொல்லும் சொல் தானே அது?" என்று அவள் சிங்களத்தில் நம்மைக் கேட்டாள்.

அவளுக்கு நாம் சொன்ன விடையின் முதற் பாதி இது. ஆங்கிலச் சொல்லை அசை அசையாகப் பிரித்தால், ஒவ்வொரு சொல்லிலும் ஓரசை ஏனையவற்றை ஆளும். அந்த அசை உரத்து ஒலிக்கும், நீண்டு ஒலிக்கும், குரலும் அங்கே ஏறும். அதைத்தான் அழுத்தம் என்கிறோம். அழுத்தம் பெறாத அசைகள் சுருங்கிப் போகும். அவற்றின் உயிரெழுத்து எதுவாயினும், பெரும்பாலும் தேய்ந்த அகரம் போன்ற ஓர் ஒலியாகிவிடும். தமிழில் இத்தகைய அழுத்தத்தால் பொருள் மாறுவதில்லை. 'படம்' வேறு, 'பாடம்' வேறு. குறில் நெடில் என்ற அளவு நமக்குப் பொருளை மாற்றுகிறது. ஆங்கிலத்தில் 'புரொடெஸ்ட்' என்ற சொல்லை முதலசையில் அழுத்தினால் எதிர்ப்பு என்ற பெயர்ச்சொல். இரண்டாமசையில் அழுத்தினால் எதிர்த்தல் என்ற வினை. அழுத்தம் அங்கே இலக்கணத்தின் வேலையைச் செய்கிறது.

சுருங்கி ஒலிக்கும் உயிர் நமக்குப் புதிதென்று எண்ண வேண்டாம். 'நாடு', 'காசு', 'பாக்கு' என்ற சொற்களின் ஈற்றில் உகரம் தன் ஒரு மாத்திரையை இழந்து அரை மாத்திரையாக ஒலிக்கிறதென்பதைத் தொல்காப்பியரே கண்டு, குற்றியலுகரம் என்று பெயரும் சூட்டிவிட்டார். நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதைக் காட்டி, ஆங்கிலேயன் தன் சொற்களின் நடுவிலும் குற்றியலுகரம் போல ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறான் என்றால் அடுத்த நிமிடமே பிடித்துக்கொள்கிறார்கள். அசை பிரித்தலும் அப்படியே. யாப்பிலக்கணத்து நேரசை நிரையசை வேறு, ஆங்கிலத்து அசை வேறு என்பது உண்மைதான். 'மலர்' என்பது நமக்கு ஒரு நிரையசை. ஆங்கிலேயன் அதை இரண்டு அசையாக எண்ணுவான். ஆயினும் சொல்லைத் துண்டு துண்டாகக் கேட்கும் பழக்கம் வெண்பாவை அலகிட்ட பிள்ளைக்கு ஏற்கெனவே உண்டு. சிங்களப் பிள்ளைகளுக்கோ கவி பாடும்போது மாத்திரை எண்ணும் பழக்கம் இருக்கிறது. இவற்றையெல்லாம் பாடசாலையில் ஆங்கில மணி அடித்ததும் வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வா என்கிறோம்!

இனி, அழுத்தம் எந்த அசையில் விழும் என்ற கேள்வி. அதற்கு விதியே கிடையாது, ஒவ்வொரு சொல்லாக மனனம் செய்ய வேண்டும் என்பதே நாட்டில் வழங்கும் எண்ணம். பழைய ஆங்கிலக் குடிச் சொற்கள் பெரும்பாலும் முதலிலேயே அழுத்தம் பெறுபவை. 1066ல் நோர்மன் படையெடுப்பின் பின் பிரெஞ்சுச் சொற்களும், பின்னர் லத்தீன், கிரேக்கச் சொற்களும் கூட்டம் கூட்டமாகக் குடியேறின. நீண்ட சொற்களில் மிகப் பல அக்குடியேற்றத்தின் வழிவந்தவை. குழப்பம் அங்கே பிறந்தது. ஒழுங்கும் அங்கேயே இருக்கிறது.

'ஷன்' என்று முடியும் சொற்களில் அழுத்தம் அந்த 'ஷன்'னுக்கு முந்திய அசையில் விழும். எக்ஸாமினேஷன் என்பதில் 'னே'. ரெவலூஷன் என்பதில் 'லூ'. சொல் எவ்வளவு நீண்டாலும் சரி, பின்னாலிருந்து எண்ணினால் போதும். 'இட்டி' என்று முடிபவற்றிலும் அம்முடிவுக்கு முந்திய அசையே: யூனிவர்சிட்டியில் 'வர்', ரெஸ்பொன்ஸிபிலிட்டியில் 'பி'. 'இக்' என்று முடிபவற்றிலும் பெரும்பாலும் அவ்வாறே. ஆகையால்தான் ஒரு குடும்பத்துச் சொற்களில் அழுத்தம் படியேறுகிறது. போட்டோகிராப் என்பதில் முதலசை, போட்டோகிராபியில் இரண்டாமசை, போட்டோகிராபிக் என்பதில் மூன்றாமசை. டெமொகிராட், டெமொகிரசி, டெமொகிராட்டிக் என்பவையும் இதே ஏணியில் ஏறுகின்றன. அகதியையும் இஞ்சினியரையும் குறிக்கும் 'ரெபியூஜி', 'எஞ்சினியர்' போன்றவை தம் கடைசி அசையையே அழுத்திக்கொள்ளும். 'மென்ட்', 'நெஸ்', 'புல்' முதலிய ஒட்டுக்கள் வந்தாலும் போனாலும் அழுத்தம் இடம் மாறாது. இவ்வளவையும் கரும்பலகையில் எழுதி, மேசையில் தட்டிக் காட்ட நமக்கு ஒரு சனிக்கிழமை மாலை போதுமாயிருந்தது. பயிற்சிக்கு மேலும் நான்கு வாரம்.

இதற்கும் அடியில் ஓர் ஒழுங்குண்டு. லத்தீனில், கடைசிக்கு முந்திய அசை நெடிலாகவோ ஒற்றடுத்ததாகவோ இருந்தால் அழுத்தம் அங்கே. அது வெறுங் குறிலாயின் அழுத்தம் ஓரசை பின்வாங்கும். 'அஜெண்டா'வில் 'ஜெண்' ஒற்றடுத்தது, அழுத்தத்தைத் தாங்கிக்கொள்கிறது. 'சினிமா'வில் 'னி' குறில், தாங்கவில்லை. அழுத்தம் 'சி'க்குப் போகிறது. குறில், நெடில், ஒற்று என்ற மூன்றையும் வைத்துக் கணக்குப் பார்ப்பது நமக்கு அந்நியமா? வியட்னாம் போரை எதிர்த்தவர் என்று நம் வாசகர்கள் அறிந்த நோம் சொம்ஸ்கி, மொரிஸ் ஹாலே என்பவருடன் சேர்ந்து 1968ல் ஆங்கில ஒலியமைப்பைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டார். ஆங்கில அழுத்தம் பெரும்பகுதி விதிக்கு உட்பட்டதே என்றும், அவ்விதி லத்தீன் விதியை ஒத்தது என்றும் காட்ட முயன்ற நூல் அது. அதன் விவரங்களில் அறிஞர்கள் இன்றும் சண்டையிடுகிறார்கள். அது அவர்கள் தொழில். விதியே இல்லாத காடு என்ற பேச்சுக்கு மட்டும் அதன் பின் இடமில்லாமற் போயிற்று.

ஆனால் நம் மாணவியின் சொல் இவ்விதிகளுக்கு அடங்காத ஒன்று. 'இக்' என்று முடிந்தும், 'கதொலிக்' என்பதில் ஆங்கிலேயர் முதலசையை அழுத்துகிறார்கள். விதிவிலக்குகளின் சிறு பட்டியலில் அது இருக்கிறது. 'அரபிக்', 'பொலிட்டிக்ஸ்' என்பனவும் அதே பட்டியலில். ஆகவே 'தோ'வை அழுத்திய பெண், விதியின்படிதான் நடந்தாள். விதியை மீறியது ஆங்கிலம்.

இது முதற் பாதி. மறு பாதி இதைவிடச் சுவையானது. அது அவளுடைய ஊரிலேயே கிடக்கிறது.

அவ்வூர்க் கோயிலில் இருப்பவர் அந்தோனியார். பதுவை நகர் அந்தோனியார் என்று உலகம் அழைத்தாலும் அவர் பிறந்தது போர்த்துக்கல்லின் லிஸ்பன் நகரில். போர்த்துக்கேயர் அப்பெயரைச் சொல்லும்போது அழுத்தம் விழுவது 'தோ' என்ற அசையில். தமிழரும் சிங்களவரும் அந்த அசையை நெடிலாக்கி 'அந்தோனி' என்றனர். ஆங்கிலேயர் அதே பெயரில் முதலசையை அழுத்துவர். 'கத்தோலிக்க' என்ற நம் சொல்லும் இவ்வாறே. போர்த்துக்கேயர் வாயில் அழுத்தம் 'தோ'வில். நம் வாயில் 'தோ' நெடில். அச்சொல்லை அப்பெண் தன் முன்னோரிடமிருந்து பெற்றாள். நேர்முகப் பரீட்சையில் சிரித்தவர்கள் ஆங்கிலம் இத்தீவுக்கு வருமுன்பே இங்கு வேரூன்றிய ஓர் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்கள்.

இதை ஒருமுறை கண்டுகொண்டால் வீடெங்கும் காணலாம். சப்பாத்து, அலுமாரி, விறாந்தை, மேசை, சாவி, கோப்பை, லேஞ்சி எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. ஒவ்வொன்றிலும் அவர்கள் எந்த அசையை அழுத்தினார்களோ அந்த அசை நம் வாயில் நெடிலாக நிற்கிறது. சப்பாத்தில் 'பா', அலுமாரியில் 'மா', விறாந்தையில் 'றா'. உயிர்த்த ஞாயிறாகிய பாஸ்குவில் 'பா'. கிறிஸ்து பிறப்பாகிய நத்தாரில் 'தா'. சிங்களத்திலும் பள்ளிக்கூடம் 'இஸ்கோலய', சன்னல் 'ஜனேலய'. 'கோ'வும் 'னே'யும் போர்த்துக்கேயர் அழுத்திய இடங்களே. (தமிழில் 'சன்னல்' அந்த நெடிலைத் தொலைத்துவிட்டது, எல்லாச் சொல்லும் ஒழுங்காக நடப்பதில்லை.) ஒல்லாந்தர் தந்த 'கந்தோர்' என்ற சொல்லிலும் இரண்டாமசையே நெடில்.

இவற்றை இப்படிக் கேட்டு இப்படி வாங்கியவர்கள் யார்? சுமை தூக்கியவர்கள், சமைத்தவர்கள், தச்சர்கள், தையற்காரர்கள், சிப்பாய்கள். அவர்களிற் பெரும்பாலோர் எந்த மொழியிலும் ஓரெழுத்து எழுதியறியாதவர்கள். அழுத்தம் என்ற சொல்லே அவர்களுக்குத் தெரியாது. ஆயினும் அந்நிய மொழியில் எந்த அசை ஆளுகிறதென்பதைக் காது பிழையின்றிப் பிடித்தது. தமக்குப் பழக்கமான அளவில், நெடிலாக, அதை மாற்றி வைத்துக்கொண்டது. நம் மக்களின் செவிக்கு ஆங்கில அழுத்தம் எட்டாது, அது பிறவியிலே வர வேண்டும் என்று பேசுவோருக்கு இந்தச் சப்பாத்து ஒன்றே போதிய விடை.

அன்றைய கூலியாளுக்கு எட்டியது இன்றைய உயர்தர மாணவிக்கு ஏன் எட்டவில்லை? அவன் பேச்சைக் கேட்டான். இவள் எழுத்தைப் பார்க்கிறாள். கிராமத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் காதின் வழியே வருவதில்லை. நம் சாதாரண தரப் பரீட்சையின் ஆங்கிலம் எழுத்துப் பரீட்சையாகவே இருந்து வந்திருக்கிறது. பதினொரு ஆண்டுகள் தாளிற் படிப்பித்து, தாளிற் பரீட்சித்து, தாளிலே சித்திப் பத்திரமும் கொடுத்துவிட்டு, கடைசியில் கந்தோர் வாசலில் மட்டும் வாயைத் திற என்கிறோம். கற்பிக்காததைப் பரீட்சிப்பது எந்த நாட்டு நீதி? கொழும்பில் வீட்டிலேயே ஆங்கிலம் கேட்டு வளர்ந்த பிள்ளை அங்கே தன் திறமையைக் காட்டவில்லை. தன் தாய் தந்தையரைக் காட்டுகிறது.

எழுத்தைப் பார்த்துக் கற்பவருக்கு அகராதியும் பெரிதாக உதவுவதில்லை. அகராதியில் சொல்லின் நடுவே காணும் புள்ளிகள் பல, அச்சுக்கோப்பவர் வரி முடிவில் சொல்லை எங்கே வெட்டலாம் என்று காட்டுபவை, பேசுபவருக்காக இட்டவையல்ல. அதிலும் பிரித்தானியர் சொல்லின் பிறப்பைப் பார்த்து வெட்டும் பழக்கமுடையவர்கள். அமெரிக்கர் ஒலியைப் பார்த்து வெட்டுவார்கள். அழுத்தக் குறியோ சில அகராதிகளில் அழுத்தும் அசைக்கு முன்னே இருக்கும், வேறு சில பழைய அகராதிகளில் பின்னே இருக்கும். கோயிற் சந்தையில் வாங்கிய பழைய அமெரிக்க அகராதியையும் பாடசாலை நூலகத்து ஒக்ஸ்போர்ட் அகராதியையும் ஒப்பிட்டுக் குழம்பிய மாணவனை நாம் கண்டிருக்கிறோம். முகவுரையைப் படி என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

சரி, எது சரியான உச்சரிப்பு என்று யார் தீர்மானித்தது? ஆங்கில உச்சரிப்பு அகராதிகளிற் புகழ்பெற்றதை டேனியல் ஜோன்ஸ் 1917ல் வெளியிட்டார். அதில் எவர் பேச்சை அவர் பதிவு செய்தார்? தென் இங்கிலாந்தின் குடும்பங்களில், தம் ஆண்மக்களைப் பெரும் விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பும் வசதி படைத்தோர் பேச்சை. அப்பள்ளிகளின் பெயராலேயே அவ்வுச்சரிப்பை முதலில் குறித்தார். இதுவே சிறந்தது, எல்லோரும் இதையே பேச வேண்டும் என்று ஜோன்ஸ் வாதாடவில்லை. அவர் நேர்மையான அறிஞர். வாதாடியவர்கள் அவர் நூலைத் திறந்தும் பாராத நம்மூர்த் துரைமார்கள். லங்காஷயர் நெசவாலைத் தொழிலாளியின் ஆங்கிலமும் அந்த அளவுகோலுக்குக் குறைவுதான் என்பதை இவர்கள் அறிவார்களா?

அந்த அளவுகோலும் ஓரிடத்தில் நின்றதில்லை. பால்கனி என்ற சொல்லை 19ம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆங்கிலேயருள் முதியோர் இரண்டாமசையில் அழுத்தினர். இளையோர் முதலசைக்கு மாறியபோது, அது தமக்குக் குமட்டுகிறதென்று சாமுவேல் ரொஜர்ஸ் என்ற கவிஞர் சலித்துக்கொண்டார். இன்று குமட்டிய உச்சரிப்பே சரியான உச்சரிப்பு. ஆய்வுகூடத்தைக் குறிக்கும் 'லபொரட்டரி' என்ற சொல்லைப் பிரித்தானியர் இரண்டாமசையிலும் அமெரிக்கர் முதலசையிலும் அழுத்துகின்றனர். அமெரிக்கரைப் பார்த்து எந்தக் கந்தோரும் சிரித்து அனுப்புவதில்லை. டொலர் வைத்திருப்பவனின் அழுத்தம் எங்கே விழுந்தாலும் அது அழுத்தம். வஹகோட்டைப் பெண்ணின் அழுத்தம் விழுந்தால் அது பிழை.

ஒலியை வைத்து ஆளைப் பிரிக்கும் வழக்கத்துக்கு வயது அதிகம். விவிலியத்தின் நீதித் தலைவர்கள் ஆகமத்தில், யோர்தான் ஆற்றுத்துறையில் நின்ற கிலயாத்தியர், தப்பியோடி வந்த எப்பிராயிமியரை அறிய ஒரு சொல்லைச் சொல்லச் சொன்னார்கள். முதலெழுத்தின் 'ஷ'கரம் வராமல் 'ஸ'கரம் வந்தவர்களை வெட்டினார்கள். 42,000 பேர் என்று அந்நூல் கணக்குத் தருகிறது. அது பழங்கதை என்று நம்மால் தள்ளிவிட முடியவில்லை. 1983 யூலையில் இந்நாட்டில் பஸ்களை மறித்த கும்பல்கள், பயணிகளை வாளிக்குரிய சிங்களச் சொல்லைச் சொல்லுமாறு கேட்டன. அச்சொல்லைத் திருத்தமாக எழுதத் தமிழில் எழுத்தில்லை. 'பால்திய' என்று எழுதலாம். முதலெழுத்தைப் 'பஸ்' என்பதிற் போல ஒலிக்க வேண்டும். தமிழ் நாக்குத் தடுமாறினால் ஆள் தமிழர் என்று தெரிந்துவிடும். பிறகு நடந்தவற்றை இங்கே விரிக்கத் தேவையில்லை. அதே யூலையில் மாத்தளை நகரிலும் தமிழர் கடைகள் எரிந்தன.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? அதுவும் போர்த்துக்கேயச் சொல்லே. அவர்கள் அழுத்திய முதலசை சிங்களத்தில் நெடிலாகி நிற்கிறது, நம் சப்பாத்திலும் அலுமாரியிலும் போலவே. தமிழனை இனங்காணச் சிங்களம் என்று நம்பிக் கையிலெடுத்த சொல், கடல் தாண்டி வந்த கப்பற்காரனின் சொல். இதை வகுப்பில் சொன்னபோது சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் நெடுநேரம் பேசாமலிருந்தார்கள். பிறகு ஊர்ப் பையன் ஒருவன், தன் பாட்டன் பூட்டனுக்கும் போர்த்துக்கேயப் பெயர்கள் உண்டென்று மெல்லச் சொன்னான்.

கொலையும் புன்னகையும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. அளவில் அவற்றுக்கு மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இரண்டிலும் ஒருவன் வாயைத் திறக்கச் செய்து, அவன் சொன்னதை விட்டுவிட்டு, சொன்ன விதத்தை வைத்துத் தீர்ப்பளிக்கிறார்கள். அந்த அளவுக்கே ஒப்புமை.

சிங்கள மாணவர் ஆங்கிலத்துக்கு வைத்த பெயர் 'கடுவ', அதாவது வாள். சுயபாஷையிற் படித்துப் பல்கலைக்கழகம் புகுந்த கிராமத்துப் பிள்ளைகள், அவ்வாள் எவர் கையில் இருக்கிறது, எவர் கழுத்தில் விழுகிறது என்பதை நன்றாக அறிந்தே அப்பெயரை வைத்தனர். அதையே தலைப்பாக்கி 1984ல் திரு கந்தையா எழுதிய கட்டுரை, ஆங்கில ஆசிரியர் ஒவ்வொருவரும் தேடிப் படிக்க வேண்டியது. கிராமத்தார் உச்சரிப்பை 'நொட்-பொட்' ஆங்கிலம் என்று எள்ளும் வழக்கமும் இந்நாட்டில் உண்டு. 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்பாரும் அவ்வெள்ளலுக்கு ஆளாவர். போர்த்துக்கேயர் 'எஸ்கோலா' என்று முன்னே ஓர் உயிரை வைத்துக்கொள்ளும்போது அது ஐரோப்பிய மொழி. நம் பாட்டி வைத்துக்கொண்டால் நாட்டுப்புறம்!

1936ல், பொலிஸ் நிலையப் பதிவுகளும் கீழ்நிலை நீதிமன்ற நடவடிக்கைகளும் மக்கள் மொழியில் நடக்க வேண்டுமென்று சட்டசபையில் குரல் எழுப்பியவர்கள் இடதுசாரிகள். தான் சொன்ன வாக்குமூலம் தனக்கே விளங்காத மொழியில் எழுதப்படுவதை அன்று அவர்கள் அநீதி என்று கண்டார்கள். 1945ல் இலவசக் கல்வி வந்தது; 1956ல் தனிச் சிங்களச் சட்டம் வந்து வேறொரு காயத்தைத் திறந்தது. இவ்வளவுக்கும் பின் வாள் உறையிலிருந்து கீழே விழவில்லை, கை மாறவுமில்லை. 2009ம் ஆண்டை ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்கும் உரிய ஆண்டாக அறிவித்த அரசாங்கம், ஆங்கிலத்தை நம் வழியிற் பேசுவோம் என்ற முழக்கத்தையும் முன்வைத்தது. முழக்கம் நல்லதே. நேர்முகப் பரீட்சை நடத்துவோரின் காதுக்கு அது எட்டியதாகத் தெரியவில்லை.

நம் முற்போக்கு நண்பர்களையும் இங்கே விட்டுவிட மனமில்லை. ஏகாதிபத்தியத்தை மேடையிற் கிழிக்கும் தோழர் ஒருவர், வாசிப்பு வட்டத்தில் இளந்தொழிலாளி ஒருவன் 'இம்பீரியலிசம்' என்ற சொல்லை முதலசையில் அழுத்தியபோது, பேச்சை இடைமறித்துத் திருத்தியதை நாம் பார்த்தோம். அவன் அன்று கேட்கவிருந்த கேள்வியைக் கேட்காமலே உட்கார்ந்துவிட்டான். ஏகாதிபத்தியம் அழுத்த வேண்டிய அசையில் சரியாக அழுத்திவிட்டது.

இவ்வளவும் எழுதியபின் நண்பர் சிலர் நம்மைக் கேட்கக்கூடும்: அளவுகோலே கோணலென்றால், அதைப் பிள்ளைகளுக்கு ஏன் கற்பிக்கிறீர்? அவர்கள் தம் போக்கிற் பேசட்டுமே? நாம் இதை ஏற்கவில்லை. ஆங்கிலத்தைக் கேட்டுப் புரிந்துகொள்வதற்கு அழுத்தம் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலேயன் அழுத்தாத அசைகளை விழுங்கிவிடுகிறான். எழுத்தைப் பார்த்துக் கற்றவர் அவ்வசைகளைத் தேடிக்கொண்டிருக்க, பேச்சு போய்விடுகிறது. மத்திய கிழக்குக்கும் ஐரோப்பாவுக்கும் வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் தொலைபேசியில் ஒரு கட்டளையைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டாமா? கூலி ஒப்பந்தத்தைப் பற்றி எதிர்த்துக் கேள்வி கேட்க வேண்டாமா? வாள் எதனாற் செய்தது, அதன் பிடி எங்கே என்று அறியாமல் இருப்பதை விடுதலை என்று பெயரிட்டு ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் வழங்குவது எவ்வகை முற்போக்கு? அப்படிப் பேசுவோர் தம் பிள்ளைகளை எந்தப் பாடசாலைக்கு அனுப்புகிறார்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

நேர்முகப் பரீட்சைக்குப் போன பெண் இப்போது மாத்தளையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். சனிக்கிழமைகளில் வகுப்புக்கு வருகிறாள். சிறு பிள்ளைகளுக்கு மேசையில் தட்டிக் காட்டும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். நீண்ட சொல்லைக் கரும்பலகையில் எழுதுவாள். பிள்ளைகள் பின்னாலிருந்து எண்ணி, அழுத்தம் விழும் அசையில் பலமாகத் தட்டுவார்கள். நண்பரின் மேசை இதனால் கொஞ்சம் ஆட்டங் கண்டிருக்கிறது. 'கதொலிக்' என்ற சொல் வந்தபோது இரண்டு விதமாகவும் தட்டச் செய்தாள். முதலசை இங்கிலாந்துக்கு, இரண்டாமசை நம் அந்தோனியாருக்கு என்றாள்.

வரும் சனிக்கிழமைக்கு எண்கணிதத்தைக் குறிக்கும் 'அரித்மெடிக்' என்ற சொல்லைத் தேர்ந்திருக்கிறாள். பெயர்ச்சொல்லாக நிற்கும்போது அழுத்தம் 'ரி'யில்; வேறொரு சொல்லுக்கு அடையாக நிற்கும்போது 'மெ'யில். ஒன்று விதிவிலக்கு, மற்றது விதி. எது எதுவென்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று நம்மிடம் விடையைச் சொல்ல வேண்டாமெனக் கண்டிப்பாகக் கூறியிருக்கிறாள்.